காக்கை உட்காரப் பனம்பழம்

ஆவணி, புரட்டாதி மாதங்களில் மன்னார்த் தீவின் பனங்கூடல்களுக்கு அண்மையில் இரவைக் கழிப்பவர்களுக்கு நன்கு பழக்கமான சத்தம் ஒன்று உண்டு. கரிய தோல் மினுங்க முற்றிக் கனிந்த பனம்பழம், காற்றின் துணைகூட இல்லாமல் தானே காம்பு கழன்று, அத்தனை உயரத்திலிருந்து மணலில் தொப்பென்று விழும்; விடியற்காலையில் கடகத்துடன் வரும் பெண்கள் அதைப் பொறுக்கிச் செல்வார்கள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததுபோல என்று தமிழ் வழங்கும் தேசமெங்கும் சொல்லுகிறார்கள். தற்செயலாக வந்த அதிர்ஷ்டத்தைத் தன் சாமர்த்தியமென்று ஒருவன் பாராட்டிக்கொள்ளும்போது அவனைச் சற்றே அடக்குவதற்காக அந்த வார்த்தையைப் பிரயோகிக்கிறார்கள். பனையின் கீழே பிறந்து வளர்ந்தவர்களுக்கோ அதில் வேறொரு விஷயமும் புலப்படும். காக்கை அமர்ந்ததனால் பழம் விழவில்லை என்பது மெய்தான். எனினும், விழுகிற பருவத்தில் இருந்த பழம் எது என்பது அந்த மரத்தடியில் நாள்தோறும் நடமாடுகிறவருக்கு முன்னமே தெரிந்திருக்கும். அவரை யாரும் கேட்பதில்லை, அவ்வளவே.

யாரும் கேட்காத அந்த மனிதரைக் கதாநாயகராக வைத்து, சிரிப்பும் மர்மமும் கலந்து நாடகம் செய்வதில் ஆங்கிலேயர்களுக்கு நெடுங்காலமாகவே ஒரு பிரியம் இருந்துவருகிறது. அண்மைக்கால உதாரணம், பிரித்தானியாவின் ஐ.ரி.வி. நிறுவனம் 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஒளிபரப்பத் தொடங்கி 2024 வரை நான்கு பருவங்களாக நடத்திய 'மக்டொனால்ட் அண்ட் டொட்ஸ்' என்னும் தொடர். உரோமர் காலத்து வெந்நீர்க் குளங்களுக்குப் பெயர்பெற்ற பாத் நகரமே அதன் களம். லண்டனிலிருந்து மாற்றலாகி வந்த, விரைந்த நடையும் கூரிய பேச்சும் மேலே உயரவேண்டுமென்ற ஆவலும் கொண்ட பெண் அதிகாரியான மக்டொனால்டுக்குத் துணையாக, பல ஆண்டுகளாக மேசையையும் கோப்புகளையும் விட்டு எழுந்திராத சார்ஜன்ட் டொட்ஸ் என்பவரை நியமிக்கிறார்கள். டலா கூவேயா, ஜேசன் வொட்கின்ஸ் ஆகிய இருவரும் அந்தப் பாத்திரங்களை ஏற்றார்கள். டொட்ஸ் கூச்ச சுபாவம் உள்ளவர். ஒரு வாக்கியத்தை ஆரம்பித்துவிட்டு முடிக்கலாமா வேண்டாமா என்று தயங்குகிறவர். மேலதிகாரி அவரை ஒரு சுமையாகவே எண்ணுகிறார். ஆனாலும் குற்றவாளியின் வீட்டுக்குப் போய், எல்லாரும் பெரிய பெரிய கேள்விகளைக் கேட்டுக்கொண்டிருக்கையில், யாருக்கும் முக்கியமாகத் தோன்றாத அற்பப் பொருளொன்றை உற்றுப் பார்த்துக்கொண்டு ஒதுங்கி நிற்கிறவர் அவர்தான். முடிச்சு அவிழ்வதும் பெரும்பாலும் அங்கேதான்.

இதற்குச் சுமார் கால் நூற்றாண்டு முன்னர், 1994 முதல் 1997 வரை, பி.பி.சி.யில் வந்த 'பை இன் த ஸ்கை' என்னும் தொடரில் ரிச்சர்ட் கிரிஃபித்ஸ் நடித்த ஹென்றி க்ராப் என்ற பருத்த உடல் படைத்த பொலிஸ் அதிகாரியும் இந்த ஜாதியைச் சேர்ந்தவரே. அவருக்கு உத்தியோகத்தில் ஆசையே இல்லை. ஓய்வு பெற்றுத் தம்முடைய சிறு உணவுச்சாலையில் நல்ல இறைச்சிப் பணியாரங்கள் செய்து, கோழிகளை வளர்த்து, நிம்மதியாகக் காலங்கழிக்க விரும்புகிறார். மேலதிகாரியோ அவரை விடுவதாயில்லை. ஏனெனில் அவர் கண்டுபிடிப்பதன் புகழ் எல்லாம் மேலதிகாரியின் பெயருக்கு வரவு வைக்கப்படுகிறது. கந்தோரில் வேலை பார்த்த எவருக்கும் இந்தக் கணக்கு விளக்கம் வேண்டாமல் விளங்கும்.

இவர்களுக்கெல்லாம் மூதாதை போன்றவர் ஒருவர் உண்டு. மடு மாதாவின் ஆலயத்துக்கு ஆண்டுதோறும் யாத்திரை போகும் நம்முடைய மன்னார் மக்களுக்கு அவர் அந்நியராகத் தோன்றமாட்டார். ஜி. கே. செஸ்டர்ட்டன் 1910ஆம் ஆண்டில் சிருஷ்டித்த பிரவுண் பாதிரியாரைத்தான் சொல்லுகிறேன். வட்ட முகம், பெரிய குடை, எதையாவது தவறவிட்டுக்கொண்டே நடக்கும் இயல்பு. பார்த்தவுடன் பரிதாபப்படத் தோன்றும் குள்ளமான கத்தோலிக்கக் குருவானவர். அவரைப் படைக்கத் தூண்டியவர் ஜோன் ஓகொனர் என்னும் உண்மையான குரு. செஸ்டர்ட்டன் அவரோடு நெடுந்தூரம் நடந்து பேசியபோது, மனிதர்கள் செய்யும் கொடுமைகளைப் பற்றி அந்தச் சாந்தமான மனிதருக்குத் தெரிந்திருந்தவற்றைக் கேட்டுத் திடுக்கிட்டுப் போனாராம். நடை முடிந்து வீடு திரும்பிய பிறகு, அங்கிருந்த பல்கலைக்கழக மாணவர் இருவர் அதே குருவைப் பற்றி, மடத்துக்குள் அடைந்து கிடக்கும் இவர்களுக்கு உலகத்தின் தீமை என்ன தெரியும் என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். வாழ்நாள் முழுவதும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அமர்ந்து பிறருடைய பாவங்களைச் செவிமடுத்தவரைப் பார்த்து அந்தப் பிள்ளைகள் அப்படிச் சொன்னதைக் கேட்ட கணத்தில்தான் பிரவுண் பாதிரியார் பிறந்தார் என்று செஸ்டர்ட்டன் தம் சுயசரிதையில் தெரிவிக்கிறார். பின்னர் 1922இல் செஸ்டர்ட்டன் கத்தோலிக்க மதத்தில் சேர்ந்தபோது அவரை ஏற்றுக்கொண்டவரும் அதே ஓகொனர்தான். 2013 முதல் மார்க் வில்லியம்ஸ் நடிக்க பி.பி.சி. இந்தக் குருவைத் தொடராக எடுத்துவருகிறது. கசங்கிய மேலங்கியுடன் அமெரிக்கத் தொலைக்காட்சியில் உலகப் புகழ்பெற்ற கொலம்போவை உண்டாக்கியவர்களும் தாங்கள் இவருக்குக் கடன்பட்டிருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

தமிழில் இத்தகைய ஒருவர் உண்டா என்று தேடினால், உண்டு என்று மாத்திரமல்ல, ஆங்கிலேயருக்கும் இல்லாத ஒரு தினுசில் உண்டு என்று பெருமையோடு சொல்லலாம். தமிழ்த் துப்பறியும் கதைகளின் தொடக்க காலத்தில் கதாநாயகர்கள் அசகாய சூரர்களாகவே இருந்தார்கள். ஜே. ஆர். ரங்கராஜு 1908இல் வெளியிட்ட 'ராஜாம்பாள்' நாவலில் வரும் துப்பறியும் கோவிந்தனும், வடுவூர் துரைசாமி ஐயங்கார் படைத்த திகம்பர சாமியாரும், பிற்காலத்தில் தமிழ்வாணன் உலவவிட்ட சங்கர்லாலும், கண்டவுடன் மதிக்கத்தக்கவர்கள். பகைவர்கள் அவர்களைக் கண்டு நடுங்குவார்களேயன்றி ஒருபோதும் அலட்சியம் செய்யமாட்டார்கள். இந்தச் சூரர்களின் வரிசைக்கு நடுவே, நீண்ட மூக்கும், மந்தமான பார்வையும், எதைச் சொன்னாலும் விழிக்கும் சுபாவமும் உடைய ஓர் அப்பாவி மனிதர் வந்து நின்றார். அவர்தான் துப்பறியும் சாம்பு.

சாம்புவைப் படைத்த தேவனின் இயற்பெயர் ஆர். மகாதேவன். 1913ஆம் ஆண்டு செப்டம்பரில் திருவிடைமருதூரில் பிறந்து, கும்பகோணத்தில் கல்வி கற்று, இளமையிலேயே ஆனந்த விகடனில் சேர்ந்து, 1942 முதல் 1957 மே மாதத்தில் தம் நாற்பத்து மூன்றாவது வயதில் மறையும்வரை அதன் நிர்வாக ஆசிரியராக இருந்தவர். நகைச்சுவை எழுத்தாளர்களில் அவரைப்போல் எவரையும் புண்படுத்தாமல் எழுதியவர்கள் சொற்பம். நீதிமன்ற விசாரணை ஒன்றையே நாவலாக்கிய 'ஜஸ்டிஸ் ஜகந்நாத'னைப் படித்தவர்களுக்கு, சாட்சியங்களையும் தடயங்களையும் பற்றி அவர் எவ்வளவு சிரத்தையாகச் சிந்தித்தவர் என்பது தெரியும்; அவ்வளவும் தெரிந்த ஒருவர், ஒன்றுமே தெரியாத துப்பறிவாளர் ஒருவரைச் சிருஷ்டித்தார் என்பதே சாம்புவின் விசேஷம்.

சாம்பு ஒரு வங்கிக் குமாஸ்தா; வாழ்க்கையின் முற்பாதி முழுவதும் முட்டாள் என்ற பட்டத்தைச் சுமந்தவர்; உத்தியோகத்தையும் இழந்தவர். தற்செயலாகத் துப்பறியும் தொழிலுக்குள் தடுக்கி விழுந்தபின், அவர் போகுமிடமெல்லாம் பனம்பழம் விழுகிறது. அவர் கால் இடறினால் புதைத்துவைத்த பொருள் வெளிப்படுகிறது. பயத்தினால் உளறினால் அந்த உளறலில் குற்றவாளி தன் ரகசியம் வெளியாகிவிட்டதென்று எண்ணி அகப்பட்டுக்கொள்கிறான். பக்கத்திலேயே இன்ஸ்பெக்டர் கோபாலன் என்ற நல்ல மனிதர் இருக்கிறார். சாம்பு அசட்டுத்தனமாகச் செய்த ஒவ்வொன்றுக்கும் ஆழ்ந்த காரணமொன்றைக் கற்பித்து வியந்து போகிறார். மனைவி வேம்புவுக்கோ தன் புருஷனின் மேதாவிலாசத்தில் சந்தேகமே இல்லை. ஏறக்குறைய ஐம்பது கதைகள் இப்படி நடக்கின்றன. சென்னை நாடக மேடையில் சாம்புவாக நடித்த நடராஜனுக்கு 'சாம்பு' என்பதே பெயரின் முன்பாகமாக நிலைத்துவிட்டது. பிற்காலத்தில் தூரதர்ஷன் தொடரில் காத்தாடி ராமமூர்த்தி அந்த வேஷத்தை ஏற்றார்.

டொட்ஸும் பிரவுண் பாதிரியாரும் முட்டாள்களைப்போலத் தோன்றும் புத்திமான்கள். பழம் கனிந்திருப்பதை அறிந்து மரத்தடியில் காத்திருப்பவர்கள். சாம்புவோ மெய்யாகவே ஒன்றும் அறியாதவர், காக்கை. இந்த வித்தியாசத்தைக் காட்டி, தேவன் அதிர்ஷ்டத்தை மாத்திரம் நம்பிக் கதை பண்ணினார் என்று குறை கூறுவோர் உண்டு. எனக்கு அது நியாயமான அபிப்பிராயமாகத் தோன்றவில்லை. சாம்புவின் கதைகளைத் திரும்பத் திரும்பப் படித்தால், அவருடைய வெற்றிக்குக் காரணம் வெறும் தெய்வாதீனம் அன்று, அவரைச் சுற்றியிருக்கும் கெட்டிக்காரர்களின் கர்வமே என்பது தெரியவரும். சாம்புவுக்கு முன்னால் எவரும் ஜாக்கிரதையாக இருப்பதில்லை. இவனுக்கு என்ன விளங்கப் போகிறது என்ற தைரியத்தில் அவர் கண்ணெதிரே பேசுகிறார்கள், அவர் காலடியில் மறைக்கிறார்கள். அலட்சியம் செய்தவர்களே அகப்படுகிறார்கள். இந்த ஓர் இடத்தில் சாம்புவும் டொட்ஸும் கைகோத்துக்கொள்கிறார்கள்.

இன்னொரு பொருத்தமும் உண்டு. அதுவே நான் முக்கியமாகக் கருதுவது. இருவரும் மேசை உத்தியோகத்தர்கள். சாம்புவின் கதைகள் வந்த விகடனை வாரந்தோறும் ஆவலோடு பிரித்த வாசகர்களில் மிகப் பலர் குமாஸ்தாக்கள், அவர்களின் மனைவிமார், பிள்ளைகள். ஒரு காரியாலயத்தில் உண்மையாக நடப்பது என்ன என்பது கீழ்ப்படியில் இருப்பவனுக்கே முதலில் தெரிகிறது. எந்தக் கோப்பு எங்கே மறைந்தது, எந்தக் கையெழுத்து எப்போது விழுந்தது என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். ஆனால் துரை அவனை அழைப்பது வைவதற்காகவே. அப்படிப்பட்டவனை ஒரு நாளாவது இன்ஸ்பெக்டர் ஒருவர் வாசலில் வந்து நின்று, தங்களுடைய அபிப்பிராயம் என்ன என்று மரியாதையாகக் கேட்கும் ஓர் உலகத்தைத் தேவன் உண்டாக்கிக் கொடுத்தார். சாம்புவைப் பார்த்துச் சிரித்தவர்கள் தங்களையே அவரிடத்தில் கண்டார்கள். ஆகையினால்தான் அந்தச் சிரிப்பில் கசப்பு இல்லை.

அந்தச் சிரிப்பு இலங்கைக்கு வந்து இறங்கிய வாசல் நம்முடைய தலைமன்னார்தான். 1914ஆம் ஆண்டில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின், சென்னையில் புறப்பட்ட ரயில் தனுஷ்கோடி வரை வந்து, அங்கிருந்து நீராவிக் கப்பல் ஏறக்குறைய இருபது மைல் கடலைக் கடந்து தலைமன்னார் இறங்குதுறையில் பிரயாணிகளைச் சேர்க்க, கொழும்புக்குப் போகும் புகையிரதம் கடலை ஒட்டிய தண்டவாளத்தில் காத்து நிற்கும். போட் மெயில் என்று ஜனங்கள் அதை அழைத்ததற்கேற்ப, 'இர்வின்', 'கோஷன்' முதலிய கப்பல்களில் மனிதர்களோடு தபால் மூட்டைகளும் வந்தன. அந்த மூட்டைகளிலே தமிழ்நாட்டுச் சஞ்சிகைகளும் வந்தன. அவற்றைக் கொழும்பிலும் கண்டியிலும் யாழ்ப்பாணத்திலும் எதிர்பார்த்திருந்தவர்களில் அரசாங்க எழுதுவினைஞர்கள், நிலைய அதிபர்கள், தபாலதிபர்கள் எத்தனையோ பேர். 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பின் மேலும் திருகோணமலையின் மேலும் குண்டு வீசிச் சென்றன. சென்னை நகரத்து ஜனங்கள் அஞ்சி ஊர் ஊராக வெளியேறினார்கள். அரிசிக்குக் கூப்பனும் இரவுக்கு இருட்டடிப்புமாக இருந்த அந்த யுத்த காலத்தில்தான் சாம்பு தம் மூக்கோடு வந்து சேர்ந்தார். வாசிகசாலைகளில் ஒரே பிரதி கை மாறி மாறி ஓரம் கிழிந்து போகும்வரை வாசிக்கப்பட்டதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

1964 டிசம்பரில் வீசிய பெரும்புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து சென்ற ரயில் ஒன்று பிரயாணிகளோடு அலையில் போயிற்று. பிற்பாடு இராமேஸ்வரத்திலிருந்து கப்பல் ஓடியதாயினும் பழைய போட் மெயிலின் காலம் அத்தோடு முடிந்தது. 1970களில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடும் வந்தது. கடல் வழி குறுகிக் கடை வழியும் அடைபட்ட பின், ஆகாய வழி திறந்தது. 1979இல் சுயாதீனத் தொலைக்காட்சியும் 1982இல் ரூபவாகினியும் இலங்கையில் ஆரம்பமாயின. ஆனால் வடக்குக் கரையோரத்து வீடுகளில் உயர்ந்த கம்பங்களில் ஏற்றிய அன்டெனாக்கள் இந்தியத் திசையையே நோக்கி நின்றன. வெள்ளிக்கிழமை மாலைகளில் தூரதர்ஷனின் 'ஒளியும் ஒலியும்' பார்ப்பதற்காகத் தொலைக்காட்சி உள்ள வீட்டின் முற்றத்தில் அயலெல்லாம் கூடும். இக்கரைக்கு நேர் எதிரே இராமேஸ்வரத்தில் 323 மீற்றர் உயரமான கோபுரம் பின்னர் எழுந்தது. அதற்குள் நம்முடைய பக்கத்தில் உள்நாட்டு யுத்தத்தினால் வெளிச்சமே அணைந்துவிட்டது. 1990இல் நின்ற தலைமன்னார்ப் புகையிரதம் 2015 மார்ச்சில்தான் மறுபடி இறங்குதுறை வரை வந்தது.

இந்தக் கால் நூற்றாண்டை நினைக்கும்போது, பொலிஸாரைப் பற்றிய சிரிப்பு நாடகம் என்பது எவ்வளவு அருமையான பாக்கியம் என்பது எனக்குப் புரிகிறது. டொட்ஸைக் கண்டு ஆங்கிலேயர் சிரிக்கிறார்கள் என்றால், கதவைத் தட்டுகிறவர் பொலிஸ்காரர் என்று தெரிந்தவுடன் அவர்களுக்கு வயிறு கலங்குவதில்லை என்பது அதன் அர்த்தம். தேவன் எழுதிய காலமும் இலேசானதன்று. 1942 ஆகஸ்டில் இந்திய தேசம் முழுவதும் சுதந்திரப் போராட்டத் தொண்டர்களைப் பொலிஸார் அடித்துச் சிறைக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அவர் தம் துப்பறிவாளரைப் பொலிஸ் உடுப்புக்குள் வைக்காமல் வெளியே வைத்ததும், உடுப்பணிந்த கோபாலனைத் தலைகுனிந்து ஆலோசனை கேட்கிறவராக வைத்ததும் யோசித்துச் செய்த காரியம் என்றே நான் நம்புகிறேன். மன்னாரிலும் வன்னியிலும் ஒரு தலைமுறை முழுவதும் சோதனைச் சாவடிகளுக்கு முன் அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றே வளர்ந்தது. உடுப்பைக் கண்டதும் பேச்சை நிறுத்திக்கொள்ளும் பழக்கம் அவர்களுக்கு இன்னும் முற்றாகப் போய்விடவில்லை.

ஆகவேதான், இந்தக் கரையிலேயே நிகழும் அப்படியொரு தொடரை நம்மவர் எவராவது எழுதவேண்டும் என்று நெடுநாளாக ஆசைப்படுகிறேன். தலைமன்னார் இறங்குதுறைக்கு அருகில், பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் வராமலே தலை நரைத்துவிட்ட ஒரு தமிழ்ச் சார்ஜன்ட். கொழும்பிலிருந்து வரும் இளைய அதிகாரிகள் அவரை மொழிபெயர்ப்பதற்கு மாத்திரம் கூப்பிடுவார்கள். கரையில் ஒதுங்கிய ஒரு வள்ளத்தைச் சுற்றி எல்லாரும் நின்று அளந்து எழுதிக்கொண்டிருக்க, அவர் சைக்கிளைத் தாழை மரத்தில் சாத்திவிட்டு, வலை பொத்திக்கொண்டிருக்கும் கிழவர் ஒருவரின் பக்கத்தில் குந்தி, முந்தாநாள் இரவு சோளகம் எத்தனை மணிக்கு விழுந்தது, அப்பு, என்று கேட்பார். கிழவர் உடனே பதில் சொல்லமாட்டார். உடுப்பை ஒருமுறை பார்ப்பார். முகத்தை ஒருமுறை பார்ப்பார். பிறகு வலையைக் கீழே வைத்துவிட்டு, "இரு தம்பி" என்று சொல்லித் தேத்தண்ணிக்கு உள்ளே குரல் கொடுப்பார்.